மரைன் டேங்குக்கு உப்புத்தண்ணி கலக்குறது எப்படி

மரைன் டேங்க்னா கடல் மீன், பவளமெல்லாம் வளக்குற தொட்டி. மொதல்லயே சொல்லிடறேன், சமையல் உப்ப கரைச்சு கடல் தண்ணி பண்ணிடலாம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. கடல் தண்ணில பெரும்பங்கு சோடியம் குளோரைடுதான், ஆனா கூடவே மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட்னு எல்லாம் ஒரு கணக்குல கலந்திருக்கு, பவளம் தன் கூட்ட கட்டுறதே அந்த கால்சியத்தையும் கார்பனேட்டையும் வெச்சுத்தான். அதனால மரைன் சால்ட் மிக்ஸ்னு தனியா விக்கிறதுதான் வேணும்.

அடுத்தது தண்ணி, இங்கதான் நெறைய பேர் கோட்டை விடறாங்க. பைப் தண்ணில குளோரின், குளோரமைன், நைட்ரேட், பாஸ்பேட், சில எடத்துல காப்பர் கூட இருக்கும், கொஞ்சூண்டு காப்பர மீனாவது தாக்குப்பிடிக்கும், இறால் நத்தை பவளத்துக்கெல்லாம் துளியூண்டு காப்பரே எமன். ஆர்ஓ (சவ்வு வழியா வடிகட்டுறது) டிஐ (மிச்ச உப்பு அயனிய ரெசின்ல பிடிக்கிறது) ரெண்டும் சேந்த ஃபில்டர் தண்ணி எடுங்க, தண்ணில கரைஞ்சிருக்குறத அளக்குற டிடிஎஸ் மீட்டர்ல 0 காட்டணும். குடிக்கிற ஆர்ஓ தண்ணி போதாதான்னு கேப்பீங்க, ஆர்ஓ மட்டும்னா கொஞ்சம் நழுவி வந்துடும், அந்த மிச்சத்த பிடிக்கத்தான் டிஐ ரெசின், அதுவும் போக குடிக்கிற மெஷின் சிலதுல ருசிக்குன்னு மினரல திரும்ப வேற சேத்து விடறாங்க.

இப்ப கலக்குறதுக்கு வருவோம். சோப்பே படாத ஃபுட் கிரேட் பிளாஸ்டிக் டிரம் ஒண்ணு, சின்ன பவர்ஹெட் (தண்ணிய சுத்தவிடற மோட்டார்) ஒண்ணு, ஹீட்டர் ஒண்ணு. தண்ணிய ஊத்தி பவர்ஹெட்ட ஓடவிட்டு 25 டிகிரிக்கு கொண்டு வந்துட்டு, அப்புறம் உப்ப கொஞ்சம் கொஞ்சமா தூவுங்க. தண்ணில உப்பு போடணும், உப்பு மேல தண்ணி ஊத்தக்கூடாது, ஏன்னா அப்ப அடியில ரொம்ப கெட்டியான கரைசல் உருவாகி கால்சியமும் கார்பனேட்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வெள்ளையா படிஞ்சிடும், அது திரும்ப கரையவே கரையாது, அந்த தண்ணி பவளத்துக்கு பாதி சத்து போன தண்ணிதான்.

அளவு எவ்ளோன்னா லிட்டருக்கு 35 கிராம்ல ஆரம்பிங்க, 20 லிட்டருக்கு 700 கிராம். மிக்ஸ் ஈரத்த இழுத்து வெச்சிருக்கும்ங்கறதால கடைசில இதவிட கொஞ்சம் கூடவே பிடிக்கும், பரவால்ல, குறைச்சலா போட்டு ஏத்திக்கிறதுதான் சுலபம். பவளம் இருக்குற டேங்குக்கு 35 பிபிடி (ஆயிரத்துல 35 பங்கு உப்பு), அதாவது ஸ்பெசிஃபிக் கிராவிட்டி (நல்ல தண்ணியோட ஒப்பிட்ட அடர்த்தி) 1.026 சுமாருக்கு வரணும். 20 லிட்டர்ல 32 காட்டுச்சுன்னா இன்னொரு 65 கிராம் போடுங்க, 38 ஆயிடுச்சுன்னா ஒன்றே முக்கால் லிட்டர் ஆர்ஓ டிஐ தண்ணி சேருங்க.

உப்ப அளக்குறதுக்கு ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளையறத வெச்சு உப்பளவு காட்டுற கருவி) வாங்கிடுங்க. நான் ஆரம்பத்துல ஊசி ஆடுற ஹைட்ரோமீட்டர் வெச்சிருந்தேன், ஊசில ஒரு சின்ன காத்துக்குமிழ் ஒட்டினா போதும், ஊசி மேல தூக்கி உப்பு அதிகம்னு காட்டும், நானும் அத நம்பி நல்ல தண்ணி ஊத்திகிட்டே இருந்தேன், பவளமெல்லாம் ஏன் சுருங்கி கெடக்குன்னு மண்டைய ஒடைச்சுக்கிட்டது தனி கதை. ரிஃப்ராக்டோமீட்டரையும் வெறும் நல்ல தண்ணி வெச்சு 0 பாத்துட்டு விட்டுடாதீங்க, 35 பிபிடி கேலிப்ரேஷன் கரைசல் கிடைக்கும், அத வெச்சு சரி பண்ணுங்க, நமக்கு வேண்டிய அளவு அங்கதானே இருக்கு.

கலக்கினதும் ஒடனே ஊத்தணும்னு கை பரபரக்கும். தண்ணி கண்ணாடி மாதிரி தெளியட்டும், பாக்கெட்ல எவ்ளோ நேரம் போட்டிருக்குன்னு பாருங்க, சிலது சில மணி நேரத்துல ரெடி, ஒண்ணும் போடலேன்னா நான் ஒரு நாள் ஓடவிடுவேன். வாரக்கணக்குல ஹீட்டரோட சுத்த விடறதும் வேணாம், சில மிக்ஸ்ல கார்பனேட் படிஞ்சு ஆல்கலினிட்டி (தண்ணில இருக்குற பைகார்பனேட், கார்பனேட் அளவு) இறங்கிடும். ஊத்துறதுக்கு முன்னாடி டெம்பரேச்சரும் உப்பும் டேங்க்ல இருக்குற அளவோட ஒத்துப்போகுதான்னு பாத்துட்டு 10 லேர்ந்து 15 சதவீதம் தண்ணி மாத்துனா போதும். உயிருங்க இருக்குற டேங்க்ல நேரா உப்புத்தூள கொட்டுறது மட்டும் கூடவே கூடாது, கரையாத கல்லு பவளத்து மேல உக்காந்தா அந்த எடம் வெந்துடும்.

மிச்ச உப்ப காத்துப்புகாத டப்பால போட்டு இறுக்கி மூடுங்க, மெக்னீசியம் குளோரைடு ஈரத்த உறிஞ்சி மொத்தத்தையும் பாறையாக்கிடும். பாக்கெட் பிரிக்கிறதுக்கு முன்னாடி நல்லா உருட்டிக்கிட்டா அடில தங்கின சரக்கும் மேல வரும்.

புதுசா வெக்கிறவங்க இன்னொண்ணுலயும் மாட்டுவாங்க, டேங்க்ல தண்ணி வத்துதேன்னு உப்புத்தண்ணிய ஊத்திடுவாங்க. ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளயேதான் இருக்கு, அதனால வத்துன அளவுக்கு ஆர்ஓ டிஐ தண்ணிய மட்டும் ஊத்துங்க.