அதிவீரன்-47க்குக் கவசம் செய்வது எப்படி? (முட்டியில் கவனம்!)

சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு எங்கள் தெருவில் ஒரு நாடகம் போட்டோம். நாயகன் அதிவீரன்-47. 2147இல் ஆய்வுக்கூடத்தில் வார்த்தெடுத்த படைவீரன். ஒரு கையால் லாரியைத் தூக்குவான், நிலைப்படியைத் தாண்டத்தான் வராது. நாடகம் முடிவதற்குள் பதினோரு தடவை விழ வேண்டும். அவனுக்குக் கவசம் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் பொருள். அட்டை வியர்வையில் ஊறிவிடும். செருப்புக்கு அடியில் போடும் ஈவிஏ ஷீட் வாங்குங்கள். மார்புக்கு 10 மி.மீ., கை கால்களுக்கு 5 மி.மீ. குழந்தைகளுக்குத் தரையில் கோத்துப் போடும் பாயும் பெரும்பாலும் இதே பொருள்தான். ஹீட் கன் கட்டாயம் வேண்டும். ஹேர் டிரையரோடு நான் அரை நாள் மல்லுக்கட்டியது போதும். எலாஸ்டிக், வெல்க்ரோ எல்லாம் மதுரையில் புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகள் பக்கம் தேடுங்கள்.

அளவெடுக்க, போடப்போகிறவர் உடம்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, கோடு வரைந்து வெட்டி எடுங்கள். அதை ஷீட்டில் வைத்து வெட்டி, ஹீட் கன்னால் சூடாக்கி வளையுங்கள். மேல்பக்கம் லேசாகப் பளபளக்கும்வரை காட்டினால் துளைகள் மூடிக்கொள்ளும், பெயின்ட்டை உறிஞ்சாது.

ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவுங்கள். பத்து நிமிஷம் கழித்து, தொட்டால் விரலோடு வராத பதத்தில் அழுத்துங்கள். ஒட்டினால் ஒட்டினதுதான், நகர்த்த முடியாது. மொட்டைமாடியில் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது.

இனி முட்டி. நான் தொடையிலிருந்து கணுக்கால்வரை ஒரே குழாயாகச் செய்திருந்தேன். பார்க்கக் கம்பீரம்! ஒத்திகையில் மச்சான் மேடைக்கு வந்தான். "மாப்ள, காலு மடங்கலடா" என்றான், அப்படியே வெட்டிய தென்னை மாதிரி சாய்ந்தான். எல்லாரும் கைதட்டினார்கள். விழுந்தவன் எழுந்திரிக்கவில்லை, எழுந்திரிக்க முடியவில்லை. மூன்று பேர் சேர்ந்து தூக்கினோம்.

பொய்யாக விழத்தான் முட்டி நன்றாக மடங்க வேண்டும். மடங்கினால் முதலில் முட்டி, பிறகு இடுப்பு, கடைசியில் தோள் என்று உருண்டு விழலாம். அதனால் தொடைத்துண்டும் கெண்டைக்கால் துண்டும் தனித்தனி, நடுவே நாலு விரல் இடைவெளி. முட்டிக்கு முன்பக்கம் மட்டும் சிப்பி மாதிரி குவிந்த ஒரு துண்டு. பின்பக்கம் எலாஸ்டிக் பட்டை. அந்தச் சிப்பிக்கு உள்ளே பழைய ஸ்பாஞ்ச் ஒட்டுங்கள். போட்டுக்கொண்டு பத்துத் தடவை குத்துக்காலிட்டு உட்காரச் சொல்லுங்கள். அதில் தேறாத கவசத்தை மேடை ஏற்றாதீர்கள்.

பெயின்ட்டுக்கு முன் தண்ணீர் கலந்த ஃபெவிகால் மூன்று பூச்சு. அப்புறம் வெள்ளி நிற அக்ரிலிக்.

பிற்சேர்க்கை 1: தெர்மாகோல் ஹெல்மெட்டில் ரப்பர் பசை தடவியதும் குழி விழுந்துவிட்டதாக ஒருவர் எழுதியிருக்கிறார். பசையில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். அதற்கு ஃபெவிகால் போதும்.

பிற்சேர்க்கை 2: இடுப்புக் கவசத்தின் பக்கவாட்டில் வெல்க்ரோ வையுங்கள், தைத்துவிடாதீர்கள். இடைவேளையில் மச்சான் இரண்டு ஜிகர்தண்டா குடித்திருந்தான்.