மலையில் ஓடும் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வீட்டிலேயே ஸ்ட்ரட் மாற்றுவது

குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய பாலியோ 1.6, லான்சர் மாதிரி வண்டியை ஆசையாக வைத்திருப்பவர்கள் நிறையப் பேர், இன்ஜினுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட முன் சக்கரத்து ஸ்ட்ரட்டுக்கு, அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்து குலுக்கலைத் தாங்கும் அந்தத் தூணுக்கு, கொடுப்பதில்லை. ஸ்ட்ரட் ஒரே நாளில் போய்விடாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டே வரும், அதற்குத் தகுந்த மாதிரி நம் கையும் காலும் பழகிவிடும், அதனால் வண்டி கெட்டுவிட்டது என்பதே ஓட்டுகிறவருக்குத் தெரியாது. சமவெளியில் நேர் ரோட்டில் 60-ல் போகிறவருக்கு அது பெரிய தொந்தரவும் இல்லை. மலையில் கதையே வேறு. குன்னூரிலிருந்து பர்லியார் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கினால் 14 கொண்டை ஊசி வளைவு, ஊட்டிக்கும் மசினகுடிக்கும் நடுவே கல்லட்டியில் 36. ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் பிரேக் பிடித்ததும் எடை முன்பக்கம் சாய்கிறது, ஸ்டியரிங்கைத் திருப்பியதும் அதில் பெரும்பங்கு வெளிப்பக்க முன் சக்கரத்தின் மேல் ஏறுகிறது. அந்த நேரத்தில் ஸ்ட்ரட் தளர்ந்திருந்தால் மூக்கு குத்தும், டயர் ரோட்டை விட்டுவிட்டுப் பிடிக்கும், வளைவை விட்டு வெளியே வந்த பிறகும் வண்டி ஒரு ஆட்டம் ஆடித்தான் நிற்கும்.

ஸ்ட்ரட்டும் ஷாக் அப்சார்பரும் ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். மேக்பர்சன் ஸ்ட்ரட் என்பது ஷாக், ஸ்பிரிங், ஸ்டியரிங் திரும்பும் அச்சு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது. ஏர்ல் மேக்பர்சன் என்ற அமெரிக்க இன்ஜினியர் வடிவமைத்தது, 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து ஃபோர்டு கார்களில் வந்ததிலிருந்து இன்றுவரை சின்னக் கார்களில் பாதிக்கு மேல் முன்பக்கம் இதுதான். சக்கரத்தை நேராக நிற்க வைப்பதும் இதுதான் என்பதால் இது தளர்ந்தால் குலுக்கல் மட்டுமில்லாமல் ஸ்டியரிங்கும் கெடுகிறது. எல்லா ஸ்போர்ட்ஸ் காரிலும் இது இருக்கும் என்றும் சொல்ல முடியாது. மாஸ்டா எம்எக்ஸ்-5-ல் மேலும் கீழும் இரண்டு ஆர்ம் வைத்த அமைப்பு, அதற்கு வேலை முறை வேறு. முதலில் உங்கள் வண்டியின் அடியில் குனிந்து பார்த்துவிடுங்கள்.

மாற்றத்தான் வேண்டுமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் வேகத்தடையில் டொக் டொக் என்று சத்தம் வந்ததுமே ஸ்ட்ரட்டைக் குறை சொல்வது நம் ஊர் பழக்கம். பாதி நேரம் அது லிங்க் ராடாக, அதாவது வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் சின்னத் தண்டாக இருக்கும், விலையும் குறைவு, மாற்றுவதும் சுலபம். லிங்க் ராடைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். ஸ்ட்ரட் போனதற்கு உறுதியான அடையாளம், அதன் உடம்பில் எண்ணெய் வழிந்து அதன் மேல் மண் ஒட்டிக் கருப்பாகப் பிடித்திருப்பது. இன்னொன்று டயர். உள்ளங்கையை டயரின் மேல் வைத்துச் சுற்றித் தடவுங்கள், மேடு பள்ளமாக, அலை அலையாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் ரோட்டில் குதித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. பானட்டை அமுக்கி விட்டுப் பார்ப்பது பாதிச் சோதனைதான், நன்றாகப் போன ஸ்ட்ரட் அதில் மாட்டும், அரைகுறையாகப் போனது தப்பித்துவிடும்.

சாமான் வாங்கும்போது இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே வாங்குங்கள். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்று ஓட்டினால் இடது வளைவில் ஒரு மாதிரியும் வலது வளைவில் வேறு மாதிரியும் வண்டி நடந்துகொள்ளும், காட் ரோட்டில் அது நல்லதில்லை. ஸ்ட்ரட்டோடு மேல் மவுன்ட் (ஸ்ட்ரட்டின் தலையை வண்டி உடம்போடு பிடிக்கும் ரப்பர்), அதன் பேரிங், பம்ப் ஸ்டாப் (அடிவரை போய் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்), தண்டை மூடும் டஸ்ட் பூட், தளராமல் பிடிக்கும் புது நைலாக் நட் எல்லாம் வாங்கிவிடுங்கள். பழைய மவுன்ட்டைக் கையில் எடுத்து ரப்பரை விரலால் விரித்துப் பாருங்கள், இரும்போடு ஒட்டியிருக்கும் ஓரத்தில் மெல்லிசாகக் கோடு கோடாக வெடித்திருக்கும். பேரிங்கைச் சுற்றினால் மண் அரைபடுகிற மாதிரி ஒரு கரகரப்பு விரலில் தெரியும். அதை அப்படியே திரும்பப் போட்டால் புது ஸ்ட்ரட் போட்டும் ஸ்டியரிங் கனமாகவே இருக்கும், மறுபடியும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பழைய மாடல்களுக்குச் சாமான் ஊட்டியில் கிடைக்காவிட்டால் கோயம்புத்தூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் சொல்லி வைக்கலாம். ஆனால் உக்கடம் பழைய சாமான் கடையில் கழற்றி வைத்த ஸ்ட்ரட்டை மட்டும் வாங்காதீர்கள், அது எவ்வளவு ஓடியது என்று யாருக்கும் தெரியாது. வண்டியைத் தாழ்த்துவதற்காக ஸ்பிரிங்கை வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வெட்டின ஸ்பிரிங் ஸ்ட்ரட்டில் அது உட்காரும் தட்டில், அதாவது சீட்டில், சரியாக உட்காராது, நம் ரோட்டுப் பள்ளத்தில் ஸ்ட்ரட் அடிவரை போய் இடிக்கும். செய்யவே வேண்டாம்.

இந்த வேலையில் ஆபத்தான இடம் இரண்டு, ஒன்று ஜாக்கி, இன்னொன்று ஸ்பிரிங். உங்கள் கவனத்தில் பெரும்பகுதியை இந்த இரண்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் நட்டு போல்ட் கழற்றி மாட்டுகிற வேலைதான்.

மலையில் வீட்டு வாசல் என்றாலே சரிவு. பார்வைக்குச் சமமாகத் தெரிகிற இடம்கூடச் சாய்ந்துதான் இருக்கும். தரையில் ஒரு பாட்டிலைப் படுக்க வைத்துப் பாருங்கள், உருண்டால் அந்த இடம் வேண்டாம். சமமான சிமென்ட் தரை உள்ளவர் யாராவது தெரிந்தவராக இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. மண் தரை என்றால் மழைக்குப் பிறகு ஜாக்கி ஸ்டாண்டின் கால் அப்படியே இறங்கிவிடும், அதனால் தடிமனான பலகையின் மேல்தான் நிறுத்த வேண்டும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை, அதற்கு முன்னாலேயே வேலையை முடித்துவிடுவது நல்லது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்ட். செங்கல், ஹாலோ பிளாக் எதையும் வண்டிக்கு அடியில் முட்டுக் கொடுக்காதீர்கள், அவை எச்சரிக்கை இல்லாமல் ஒரே நொடியில் நொறுங்கும். முன்பக்கம் தூக்கும்போது ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், அதோடு பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். பின்பக்கம் தூக்குகிற நாளில் ஹேண்ட் பிரேக்கால் பிரயோஜனம் இல்லை, அது பிடிக்கிற சக்கரமே காற்றில் நிற்கும். அப்போது முன் சக்கரத்துக்குக் கட்டையும், முன் சக்கரத்தில் ஓடுகிற வண்டி என்றால் கியரும் போட்டாக வேண்டும்.

முதல் நாள் ராத்திரியே எல்லா நட்டிலும் துரு கழற்றும் ஸ்பிரேயை அடித்து விட்டுவிடுங்கள். இங்கே பனியிலும் மழையிலும் நிற்கிற வண்டியில் ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட் இரண்டும் துருவால் இறுகிப் போயிருக்கும். காலையில் இன்னொரு தடவை அடித்து, ஒயர் பிரஷ்ஷால் மரையைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சக்கர போல்ட்டை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்திவிட்டு, அப்புறம் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, பானட் பக்கத்தைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். அசையாமல் நின்றால்தான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். கழற்றின சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள், ஸ்டாண்ட் நழுவினாலும் அது தாங்கும். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் ஸ்ட்ரட்டில் ஒரு கிளிப்பில் மாட்டியிருக்கும், முதலில் அதை விடுவியுங்கள். லிங்க் ராட் ஸ்ட்ரட்டில் மாட்டியிருந்தால் அதையும் கழற்றுங்கள், அதன் நடுத்தண்டு கூடவே சுற்றும் என்பதால் ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்ப வேண்டும். அடுத்து ஸ்ட்ரட்டும் நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டு) சேருகிற இடத்தில் ஒரு ஆணியால் கோடு கிழித்து, போல்ட் தலையின் நிலையையும் குறித்து வையுங்கள். பல வண்டிகளில் கேம்பர், அதாவது சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம், அந்தப் போல்ட்டில்தான் அட்ஜஸ்ட் ஆகிறது. இந்தக் குறி இருந்தால் அலைன்மென்ட் போகிற வரையிலாவது வண்டி ஓரளவு நேராக ஓடும்.

அந்தப் போல்ட்டுகளில் நட்டை மட்டும் திருப்புங்கள், போல்ட்டைத் திருப்ப வேண்டாம். சிலதில் தலைக்கு அடியில் பல் இருக்கும், சுற்றினால் ஓட்டை கெட்டுவிடும். நட்டு வந்ததும் போல்ட் முனையில் ஒரு மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டினால் வெளியே வந்துவிடும். சில வண்டியில் இரண்டு போல்ட்டுக்குப் பதிலாக நக்கிளே ஸ்ட்ரட்டைச் சுற்றிக் கவ்விப் பிடித்திருக்கும், அதில் ஒரு போல்ட்டைக் கழற்றி, பிளவைக் கொஞ்சம் விரித்தால்தான் ஸ்ட்ரட் வரும். போல்ட் வெளியே வந்த நிமிஷமே நக்கிள் வெளிப்பக்கம் சாயப் பார்க்கும். விட்டால் மொத்த எடையும் பிரேக் ஹோஸில் தொங்கும், சக்கரத்தைச் சுற்றும் டிரைவ் ஷாஃப்ட்டும் உள்பக்கம் கழன்றுவிடலாம். ஒரு கம்பியால் நக்கிளை உடனே கட்டி நிறுத்துங்கள். கூட ஒருவர் இருப்பது இங்கேதான் உதவும். அவர் ஸ்ட்ரட்டைத் தாங்கிக்கொள்ள, நீங்கள் பானட்டுக்குள் இருக்கும் மேல் நட்டுகளைக் கழற்றி முழுசாகக் கீழே இறக்கலாம். ஓரத்தில் இருக்கும் சின்ன நட்டுகளை மட்டும்தான் தொட வேண்டும். நடுவில் இருக்கிற பெரிய நட்டு ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது, அதை இப்போது கழற்றினால் ஸ்பிரிங் முகத்துக்கு வரும்.

இனி ஸ்பிரிங். ஆயிரம் கிலோ வண்டியில் முன்பக்க ஸ்பிரிங் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 300 கிலோவைத் தாங்குகிறது. அதில் பெரிய பங்கு கழற்றின பிறகும் அதற்குள் அடைபட்டுத்தான் இருக்கும். கயிறும் கட்டுக்கம்பியும் சுற்றிவிட்டு நட்டைக் கழற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேண்டும், இரண்டு கொக்கியும் நேர் எதிர் எதிரே இருக்க வேண்டும், முடிந்த அளவு அதிகச் சுற்றுகளைக் கவ்வ வேண்டும். மரையில் கிரீஸ் தடவி, இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றிக் கையாலேயே இறுக்குங்கள், இம்பாக்ட் கன் வேண்டாம். ஸ்பிரிங் வளைந்து ஒரு பக்கம் சாய்ந்தால் நிறுத்தி, தளர்த்தி, கொக்கியை இடம் மாற்றுங்கள். மேல் சீட்டில் ஸ்பிரிங் தளர்ந்து கையால் அசைகிற அளவு வந்த பிறகுதான் நடு நட்டைத் தொட வேண்டும். தண்டின் நேருக்கு நேர் உங்கள் முகமோ நெஞ்சோ இருக்கக் கூடாது, எப்போதும் பக்கவாட்டில் நில்லுங்கள். கம்ப்ரஸர் இல்லையா, அல்லது கையில் இருப்பது தேய்ந்ததா, அப்படியானால் கழற்றின ஸ்ட்ரட்டை அப்படியே ஒரு ஒர்க்‌ஷாப்புக்குத் தூக்கிக்கொண்டு போய், இந்த ஒரு வேலைக்கு மட்டும் கூலி கொடுத்துச் செய்து வாருங்கள். கழற்றினதும் மாட்டுவதும் உங்கள் வேலையாகவே இருக்கும், விரலும் மிஞ்சும்.

புது ஸ்ட்ரட்டை நிமிர்த்திப் பிடித்து, தண்டை முழுசாக அமுக்கி முழுசாக இழுத்து நாலைந்து தடவை செய்யுங்கள், படுத்துக் கிடந்தபோது உள்ளே புகுந்த காற்று வெளியேறிவிடும். கேஸ் ஸ்ட்ரட் என்றால் அமுக்கி விட்டதும் தண்டு தானாகவே மெதுவாக மேலே வர வேண்டும். வராவிட்டால் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். பளபளப்பான அந்தத் தண்டை பிளையரால் பிடிக்கவே கூடாது, ஒரு கீறல் போதும், சீல் அறுந்து எண்ணெய் கசிய ஆரம்பித்துவிடும். பம்ப் ஸ்டாப், பூட், ஸ்பிரிங், சீட், பேரிங், மவுன்ட் என்று பழையது இருந்த அதே வரிசையில் அடுக்குங்கள். கழற்றும் முன்பே போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் குழப்பம் வராது. ஸ்பிரிங்கின் கீழ் முனை, சீட்டில் இருக்கிற படியில் சரியாக முட்டி நிற்க வேண்டும். நடு நட்டைத் தண்டு சுற்றாமல் ஆலன் கீயால் பிடித்து இறுக்கி, மேனுவலில் சொன்ன டார்க்கை (இறுக்கும் அளவை) வைத்து, அதற்கப்புறம் கம்ப்ரஸரை அதே மாதிரி மாற்றி மாற்றித் தளர்த்துங்கள்.

திரும்ப மாட்டுவது கழற்றினதைத் தலைகீழாகச் செய்வதுதான். மேல் நட்டுகளைக் கையால் மட்டும் மாட்டி வைத்து, கீழே குறிக்கு நேராகப் போல்ட்டை நுழைத்து, எல்லாம் உட்கார்ந்த பிறகு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் கிளிப்பில் இருக்கிறதா என்று ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டைத் தளர்த்தியிருந்தால், அதைக் கடைசியாக இறுக்குவது வண்டியின் எடை சக்கரத்தில் நிற்கும்போதுதான், இல்லாவிட்டால் புஷ் முறுக்கின நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். வண்டியை இறக்கி, ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, நீங்கள் ஸ்பிரிங்கின் மேல் கை வைத்துப் பாருங்கள். டொய்ங் என்று துள்ளினால் பேரிங் சரியாக உட்காரவில்லை.

முதல் ஓட்டம் பக்கத்துத் தெருவில், மெதுவாக. அன்றைக்கே காட் ரோடு இறங்க வேண்டாம். மறுநாள் மேல் நட்டு, கீழ் போல்ட், சக்கர போல்ட் எல்லாவற்றையும் ஒரு தடவை ரெஞ்சை வைத்துப் பார்த்துவிட்டு, செகண்ட் கியரிலேயே இறங்கி மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள், இதைத் தள்ளிப்போட்டால் புது டயரின் ஓரம் தேய்ந்துவிடும். சுமார் நூறு கிலோமீட்டர் ஓடினதும் சக்கர போல்ட்டை இன்னொரு தடவை. தொய்ந்த மவுன்ட் போய்ப் புதுசு வந்ததும் முன்பக்கம் கொஞ்சம் உயரும், ஹெட்லைட் வெளிச்சமும் அதோடு மேலே போய்விடும். மூடுபனியில் மேலே பாயும் வெளிச்சம் அப்படியே திரும்பி நம் கண்ணில்தான் அடிக்கும், எதிரே வருகிறவருக்கும் கூசும். ஒரு சுவருக்கு எதிரே சமதரையில் நிறுத்தி, ஹெட்லைட் பின்னால் இருக்கும் அட்ஜஸ்ட் ஸ்குரூவைத் திருப்பி, வெளிச்சத்தின் மேல் விளிம்பை லைட்டின் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே கொண்டுவந்து வையுங்கள்.