வாட்டர்கலரில் நிறம் கலக்கும்போது எங்கே தடம் மாறுகிறோம்?

வாட்டர்கலர் பழகத் தொடங்கும் பலரிடம் ஒரு திட்டம் இருக்கும்: முதலில் நிறம் கலக்கக் கற்றுக்கொள்வோம், என்ன மாதிரி ஓவியர் ஆவது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டையும் இப்படிப் பிரித்து வைப்பதிலிருந்துதான் பாதித் தவறுகள் கிளம்புகின்றன. எந்தச் சாம்பல் வந்ததும் கை தானாக நிற்கிறது, எந்தப் பச்சையைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் மங்கலாக்கத் தோன்றுகிறது என்பதெல்லாம் உங்கள் ரசனை ஏற்கெனவே பேசத் தொடங்கிவிட்டதற்கு அடையாளம். அதைக் காது கொடுத்துக் கேட்க விடாத பழக்கங்களைத்தான் இங்கே தவறு என்கிறேன். தாளில் ஒரு பூச்சு பிசகிப்போவதை அந்தக் கணக்கில் சேர்க்கவே மாட்டேன்.

முதல் தவறு வண்ணம் வாங்கும்போதே நடந்துவிடுகிறது. 24 நிறப் பெட்டி, 36 நிறப் பெட்டி என்று பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். பெட்டியில் ஊதா தயாராக இருக்கும்போது ஊதாவைக் கலந்து பார்க்க யாருக்கும் தோன்றாது என்பது ஒரு பிரச்சினை. பெரிய பெட்டிகளில் உள்ள பல நிறங்கள் ஏற்கெனவே கலவைகள் என்பது இன்னொன்று. சாப் கிரீன், ஹூக்கர்ஸ் கிரீன், பெய்ன்ஸ் கிரே போன்றவற்றில் பெரும்பாலும் இரண்டு மூன்று நிறமிகளை, அதாவது நிறம் தரும் தூள்களை, சேர்த்துத்தான் டியூபில் அடைக்கிறார்கள். இரண்டு நிறத்தைத்தான் கலந்தேன், ஏன் இப்படிக் கலங்கிப்போனது என்று நீங்கள் விழிப்பீர்கள். உண்மையில் அங்கே ஐந்து நிறமிகள் சேர்ந்திருக்கும்.

டியூபின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் நிறமிக் குறியீடு இருக்கும். அல்ட்ராமரீன் நீலம் என்றால் பிபி 29 (PB29). பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, நல்லதாக இருந்தால், பெரும்பாலும் பிபிஆர் 7 (PBr7). ஒரு குறியீடு மட்டும் இருந்தால் உள்ளே ஒரே நிறமி. பெயரை நம்ப வேண்டாம். ஒரே பெயரில் இரண்டு கம்பெனிகள் வேறு வேறு நிறமிகளை விற்பது சாதாரணம். ஒற்றை நிறமி டியூப்கள் ஐந்தாறு இருந்தால் தொடங்குவதற்குப் போதும். லேபிளைப் பார்க்கும்போதே வெளிச்சம் தாங்கும் தரத்தையும் பார்த்துவிடுங்கள். பிஆர் 83 (PR83) கொண்ட அலிசரின் கிரிம்சன் அழகான சிவப்புதான், ஆனால் சுவரில் மாட்டினால் நாளடைவில் வெளுத்துவிடும்.

அடுத்தது, பள்ளியில் படித்த வாய்ப்பாட்டை அப்படியே நம்புவது. சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்றார்கள். கேட்மியம் ரெட்டையும் அல்ட்ராமரீனையும் சேர்த்துப் பாருங்கள்: ஊதா வராது, பழுப்பும் கருப்பும் கலந்த ஏதோ ஒன்று வரும். உடனே, எனக்குக் கலக்கத் தெரியவில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். கையில் கோளாறு இல்லை. நிறமி தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கிக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டு நிறமிகளைக் கலந்தால், இரண்டுமே விழுங்காமல் விட்டது மட்டும்தான் கண்ணுக்கு வந்து சேரும். கேட்மியம் ரெட் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பு. நீல ஒளியைக் கிட்டத்தட்ட முழுவதுமாக விழுங்கிவிடும். ஊதாவுக்கு அந்த நீலம்தான் வேண்டும். அதே அல்ட்ராமரீனோடு குவினாக்ரிடோன் ரோஸைச் சேர்த்தால் பளிச்சென்று ஊதா வரும், ஏனென்றால் ரோஸ் நீல ஒளியையும் ஓரளவு விட்டுவைக்கிறது.

பச்சையிலும் இதே கதைதான். தாலோ ப்ளூவும் லெமன் எல்லோவும் சேர்ந்தால் கண்ணைப் பறிக்கும் பச்சை. அல்ட்ராமரீனும் ஆரஞ்சுச் சாயல் உள்ள மஞ்சளும் சேர்ந்தால் அடங்கிய, வாடிய இலைப் பச்சை. இதில் முதலாவதைச் சரி என்றும் இரண்டாவதைத் தவறு என்றும் சில பாடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிலக்காட்சி வரைகிறவருக்கு இரண்டாவது பச்சைதான் நாள் முழுக்க உதவும். எந்தச் சிவப்பு, எந்த நீலம் என்று கேட்டுக்கொண்டு கலந்தால் போதும். இரண்டில் எது உங்களுக்குப் பிடிக்கிறது என்பதையும் கையோடு குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஜோடியையாவது கிட்டப்போய்ப் பார்த்துவிட வேண்டும். நான் சொல்வது அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும். தட்டில் சியன்னாவை நன்றாகக் கரைத்து வைத்துக்கொண்டு, பிரஷ் நுனியால் நீலத்தைத் துளித்துளியாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் தாளில் ஒரு சின்னப் பூச்சு போட்டுக்கொண்டே வாருங்கள். செங்கல் நிறம் மெல்ல இறங்கி, இருண்ட பழுப்பாகி, ஓர் இடத்தில் எந்தப் பக்கமும் சாயாத சாம்பல் வரும். அதற்கு அடுத்த துளியிலேயே மழை மேகத்தின் நீலச் சாம்பல். சொரசொரப்பான தாளாக இருந்தால் காய்ந்தபின் சாய்த்துப் பாருங்கள்: அல்ட்ராமரீனின் துகள்கள் தாளின் குழிகளில் போய்த் தங்கியிருக்கும், மேட்டுப் பகுதிகளில் பழுப்பு தெரியும். தட்டில் ஒன்றாக இருந்தது தாளில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. டியூபில் வாங்கும் தயார்ச் சாம்பலில் இந்த உயிர் அநேகமாக இருக்காது. இந்தப் பூச்சுகளில் ஏதோ ஒன்றின்மேல் உங்கள் கண் மற்றவற்றைவிடக் கூடுதல் நேரம் நிற்கும். அந்தப் பூச்சின் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள்.

ஈரமாக இருக்கும்போதே தீர்ப்புச் சொல்வது எல்லோரும் செய்வது. வாட்டர்கலர் காய்ந்தால் வெளிறும். தட்டில் சரியாகத் தெரிந்த நிறம் தாளில் காய்ந்தபின் பலவீனமாகிவிடும். உடனே மேலே இன்னொரு பூச்சு போட, கீழே பாதி காய்ந்த நிறமி கிளறப்பட்டு எல்லாம் குழம்பும். கலங்கல் என்று நாம் திட்டுகிற நிறத்தில் பெரும்பங்கு தட்டில் உருவாவதே இல்லை. காயும் வரை பொறுக்காமல் தாளில் நாமே உருவாக்குவது அது. பக்கத்தில் அதே தாளின் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு, அதில் பூசி, காயவிட்டுப் பாருங்கள். அதே தாள் என்பது முக்கியம். மலிவான மரக்கூழ்த் தாளில் நிறம் ஒரு மாதிரி, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். தாளின் குணத்துக்கு நிறத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

தண்ணீர்ச் சமாசாரம் சுருக்கமாக: பிரஷ் கழுவ ஒரு குவளை, நிறம் கரைக்க ஒரு குவளை. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நீலத்தையும் ஊதாவையும் முடிவு செய்யாதீர்கள்.

கலங்கலுக்குப் பயந்து மங்கிய நிறங்களையே ஒதுக்கிவைப்பதும் ஒரு தவறு. பாரிஸில் கோபலின் திரைச்சீலைத் தொழிற்சாலையின் சாயப் பிரிவை நிர்வகித்துவந்த வேதியியலாளர் மிஷெல் யூஜின் ஷெவ்ரலிடம், கருப்பு நூல் சரியாகச் சாயம் ஏறவில்லை என்று புகார் வந்தது. சோதித்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்யப்பட்ட நிறங்கள்தான் கருப்பை அப்படிக் காட்டின. அடுத்தடுத்து இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டுகின்றன என்பதை விரிவாக ஆராய்ந்து 1839இல் அவர் புத்தகமாகவே வெளியிட்டார். தட்டில் அழுக்காகத் தெரிகிற சாம்பலை ஒரு ஆரஞ்சின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாம்பல் நீலச் சாயல் கொள்ளும், ஆரஞ்சு எரியும். ஆகவே ஒரு நிறத்தைத் தனியாக வைத்துக் கழித்துக்கட்டாதீர்கள்.

சரி, அடுத்து நிறக் கலவைக் கட்டங்கள். 12 நிறங்களை ஒன்றோடொன்று கலந்தால் 66 ஜோடிகள். அதைக் கட்டம் கட்டமாகப் பூசி முடிப்பதில் ஒரு திருப்தி உண்டு; இணையத்தில் அவற்றின் படங்களைப் பார்த்தால் நமக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு விகிதம்தான் இருக்கிறது. சியன்னா ஜோடியில் பார்த்தோமே, துளிக்குத் துளி நிறம் மாறுகிறது. 66 ஜோடிகளையும் ஒரே ஒரு முறை பார்ப்பதைவிட மூன்று ஜோடிகளைப் பல விகிதங்களில் துருவுவது மேல் என்பது என் கட்சி. கட்டம் போட்டு முடித்தால் அன்றைக்கே அதிலிருந்து இரண்டு நிறங்களை எடுத்து ஒரு சின்னப் படமாவது வரைந்துவிடுங்கள். அது வெறும் ஒரு கோப்பையும் அதன் நிழலுமாக இருந்தாலும் போதும். படத்துக்கு வராத கட்டம் கோப்பில்தான் தூங்கும்.

பிடித்த ஓவியரின் நிறப்பட்டியலை அப்படியே வாங்கிக்கொள்வதும் இந்த வகைதான். பட்டியல் அவருடைய பல வருடத் தேர்வின் மிச்சம். உங்களுக்கு வேண்டியது அந்தத் தேர்வு செய்யும் பழக்கம். அவருடைய படத்தில் உங்களைப் பிடித்து இழுக்கும் ஒரே ஒரு நிறத்தை எடுத்து, உங்களிடம் இருக்கும் டியூப்களை வைத்து அதைக் கொண்டுவர முயன்று பாருங்கள். அச்சு அசலாக வராது. வராமல் போன இடத்தில் வந்து நிற்பது பல நேரம் உங்களுக்கு இன்னும் பிடித்துப்போகும்.

திசை தெரியவில்லை என்ற தவிப்பில் நாம் செய்யும் பெரிய தவறு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவது. இந்த வாரம் பூ, புதிய தாள், புதிய டியூப். அடுத்த வாரம் கட்டடங்கள், வேறு பிரஷ். படம் நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் இதற்கு நேர்மாறாகப் போனவர். 1915இல், தான் வரைந்தவற்றில் மற்றவர்களின் சாயல்தான் தெரிகிறது என்று உணர்ந்து, நிறத்தையே தள்ளிவைத்துவிட்டுக் கரியில் மட்டும் வரைந்தார். அடுத்த ஆண்டு நிறம் திரும்பி வந்தபோது முதலில் வந்தது நீலம் மட்டும், அதுவும் வாட்டர்கலரில். 1917இல் மாலை வானத்தின் நட்சத்திரத்தை வரைந்த வாட்டர்கலர் வரிசைக்கு வரும்போது சிவப்பும் மஞ்சளும் நீலமும் முழுக் குரலில் இருக்கின்றன. ஒவ்வொரு நிறத்தையும் தேவைப்பட்டபோதுதான் உள்ளே விட்டார். எல்லோரும் கரியைக் கையில் எடுக்க வேண்டும் என்று சொல்லவரவில்லை. ஒரு மாதத்துக்கு மூன்று டியூப், ஒரே தாள், ஒரே வகைப் பொருள் என்று இருந்து பார்க்கலாம்.

கடைசியாக, சோதனைத் துண்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். முடிந்த படத்தில் அடுத்தவருக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் கலந்திருக்கும், துண்டுகளில் அது இருக்காது. பின்பக்கம் தேதியும் என்னென்ன கலந்தது என்பதும் எழுதிவைத்து, அவ்வப்போது எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பாருங்கள். ஏதோ ஒரு நிறம் திரும்பத் திரும்ப வந்திருக்கும். உடனே இதுதான் என் பாணி என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. அது வெறும் கைப்பழக்கமாகவும் இருக்கலாம். அந்த நிறத்துக்கான டியூபை இரண்டு வாரம் எடுத்து ஒளித்துவைத்துவிடுங்கள். இருக்கிற மற்றவற்றை வைத்து எப்படியாவது அதன் அருகில் போய்விட மெனக்கெடுகிறீர்கள் என்றால், அடுத்த டியூபை அதைச் சுற்றி யோசித்து வாங்கலாம். ஒளித்துவைத்ததே மறந்துபோனால் அது அங்கேயே இருக்கட்டும்.