கியூர்பிப் குளிரில் டீஹியூமிடிஃபையர்: தொட்டி காலியாகவே இருந்தால் என்ன பார்ப்பது?

தைப்பூசக் காவடிக்குக் கட்டிய அம்மாவின் பட்டுப்புடவையை மடித்து அலமாரியில் வைத்தேன். ஆறு மாதம் கழித்து ஜூலையில் எடுத்தால், ஜரிகை ஓரம் முழுக்க வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. மொரிஷியஸின் நடுமேட்டில், சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் கியூர்பிப் ஊரில் இது எல்லா வீட்டிலும் நடக்கிற கதைதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் க்ரியோலில் 'இமிடிதே' (ஈரப்பதம்) என்று சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். புடவை போன அந்த வாரமே காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் வாங்கினோம். முதல் குளிர்காலத்திலேயே அது தண்ணீர் பிடிப்பதை நிறுத்திவிட்டது. பழுது பார்க்க வந்தவர் "கேஸ் போயிடுச்சு" என்று, உள்ளே குளிரூட்டும் வாயுவைச் சொல்லிப் பணம் வாங்கிப் போனார். பத்தே நாளில் பழைய நிலை. உண்மையில் அந்த இயந்திரத்துக்கு எந்தக் கோளாறும் இல்லை. அது எனக்குப் புரிய ஒரு மாதம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம்.

உள்ளே என்ன நடக்கிறது

பிரிஜ்ஜிலிருந்து எடுத்த சொம்பு வெளிப்பக்கம் வியர்க்கிறதல்லவா, அதேதான். ஃபேன் அறைக் காற்றை இழுத்துக் குளிர்ந்த 'காயில்' என்ற சுருள் குழாயின் மேல் செலுத்துகிறது. காற்றில் இருக்கும் ஈரம் அங்கே துளியாகி, சொட்டிச் சொட்டித் தொட்டியில் விழுகிறது. உலர்ந்த காற்று அடுத்து இருக்கும் சூடான காயிலைத் தொட்டுக்கொண்டு வெளியே வருகிறது. அதனால்தான் இது ஏசி மாதிரி அறையைக் குளிர வைக்காது, கொஞ்சம் சூடாக்கும். வெதுவெதுப்பான காற்று வந்தால் பயப்பட வேண்டாம்.

20 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, சுமார் 16 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால்தான் தண்ணீர் விடும். கடலோரத் தலைநகர் போர்ட் லூயிஸின் ஜனவரிப் புழுக்கத்தில் இது மிகச் சுலபம். கியூர்பிப்பின் குளிர்கால ஆகஸ்ட் இரவில் அறையே 15 டிகிரிக்கு இறங்கிவிடும். அப்போது காயில் இன்னும் கீழே, உறைநிலைக்கே போய்விடுகிறது. துளி விழுவதற்குப் பதில் வெண்பனி படிகிறது. பனி மூடிய காயிலுக்குள் காற்று புகாது, தொட்டியில் ஒரு சொட்டும் விழாது. எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

முதல் படி: அளந்து பாருங்கள்

ஈரப்பதமானி ஒன்று வாங்குங்கள், சின்னது போதும். அது சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு சின்ன மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு வரும் வரை சில துளி தண்ணீர் விடுங்கள். உப்பு முழுதும் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மானியையும் ஒரு டப்பாவுக்குள் வைத்து, காற்றுப் போகாமல் அடைத்து, எட்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். மானி 75 சதவீதத்தைக் காட்ட வேண்டும். 70 காட்டினால், இனி எப்போதும் ஐந்தைக் கூட்டிப் படியுங்கள்.

அறையில் 50 முதல் 55 சதவீதம் இருந்தால் நல்லது. 60-ஐத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் பூசணத்துக்கு வசதியாகிவிடும்.

இரண்டாம் படி: வைக்கும் இடம்

சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள். ஜன்னல், கதவு எல்லாம் மூடியிருக்க வேண்டும். இதை மட்டும் கறாராகச் சொல்வேன். மூன்று மீட்டருக்கு நான்கு மீட்டர் அறையின் காற்றை 80-லிருந்து 50 சதவீதத்துக்குக் கொண்டுவர, 20 டிகிரியில் எடுக்க வேண்டிய தண்ணீர் ஒரு டம்ளர் அளவுகூட இல்லை, ஏறக்குறைய 160 மில்லிதான். அப்படியானால் நாள்தோறும் தொட்டியில் சேரும் லிட்டர் கணக்கான தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சுவரிலிருந்து, மெத்தையிலிருந்து, கொடியில் காயும் துணியிலிருந்து. ஜன்னல் திறந்திருந்தால் ஊரின் ஈரத்தையெல்லாம் நீங்கள் இறைத்துக்கொண்டிருப்பீர்கள். அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். அங்கேதான் ஈரம் பதுங்குகிறது.

கடையிலிருந்து படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால், நிமிர்த்தி ஒரு நாள் விட்டுவிட்டுப் போடுங்கள். நம் மின்சாரம் 230 வோல்ட். வெளிநாட்டு உறவினர் அனுப்பியதென்றால் அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் படித்த பிறகே பிளக்கைச் செருகுங்கள்.

தண்ணீர் சேரவில்லையா?

முதலில் மானியைப் பாருங்கள். அறை ஏற்கெனவே 50-இல் இருந்தால் இயந்திரம் நிற்பது சரிதான். 80-இல் இருந்தும் சேரவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபில்டரைக் கழற்றுங்கள். சாம்பல் கம்பளம் போல் தூசி இருந்தால் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இதைச் செய்தாலே பாதித் தொல்லை வராது.

அடுத்து, 20 நிமிடம் ஓடவிட்டு ஃபில்டர் இருக்கும் பக்கமாக டார்ச் அடித்துக் காயிலைப் பாருங்கள். நான் அன்றைக்கே செய்திருக்க வேண்டியது இது. காயில் முழுக்க ஒரே சீராக நனைந்திருந்தால் ஆரோக்கியம். முழுக்க வெண்பனி என்றால் அறை மிகவும் குளிர்ந்திருக்கிறது, அல்லது காற்று போதவில்லை: ஃபில்டர் அடைப்பு, ஃபேன் சுற்றாமை. ஒரு மூலையில் மட்டும் பனி, மற்ற இடமெல்லாம் உலர்ந்திருந்தால் அதுதான் பெரும்பாலும் கேஸ் கசிவு. கேஸை அழுத்தும் கம்ப்ரசர் ஓடும் சத்தமே இல்லாமல் ஃபேன் மட்டும் சுற்றினால், சில நிமிடம் பொறுங்கள். நிறுத்திப் போட்டதும் கம்ப்ரசர் ஏறக்குறைய மூன்று நிமிடம் காத்திருப்பது பல இயந்திரங்களில் வழக்கம். அதன் பிறகும் ஓடவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பனி படிந்திருந்தால் அணைத்துவிட்டுத் தானாக உருக விடுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள், ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள். புது இயந்திரங்கள் பலவற்றில் உள்ள ஆர்290 கேஸ் புரொப்பேன், தீப்பற்றும். குளிர்காலத்தில் இரவில் ஓட்டாமல், அறை ஓரளவு சூடாக இருக்கும் மதியத்தில் ஓட்டுங்கள். நடுமேட்டில் இருப்பவர்கள் புதிதாக வாங்குவதானால், கம்ப்ரசர் இல்லாத, ஈரம் உறிஞ்சும் சக்கரம் வைத்த வகையை விசாரியுங்கள். மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். ஆனால் குளிரில் உறையாது.

தொட்டி நிறையாமலே 'நிறைந்தது' விளக்கு

தொட்டிக்குள் ஒரு மிதவை இருக்கும். அது வழுவழுப்பான அழுக்கில் ஒட்டிக்கொண்டு மேலேயே நின்றுவிடும். விரலால் மெதுவாக ஏற்றி இறக்கிப் பாருங்கள், தொட்டியைச் சோப்பு போட்டுக் கழுவி, 'கிளிக்' என்று உட்காரும் வரை தள்ளுங்கள். தரையில் தண்ணீர் ஒழுகினாலும் இதே இடம்தான் முதல் சந்தேகம். குழாய் மாட்டியிருந்தால் அது முழு நீளமும் கீழ்நோக்கிச் சாய வேண்டும். நடுவில் ஒரு வளைவு மேலே எழும்பினாலும் தண்ணீர் திரும்பிவிடும்.

நாற்றம் வந்தால் ஃபில்டரும் தொட்டியும்தான். அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது, பூச்செடிக்கு ஊற்றலாம். புயல் எச்சரிக்கை வந்ததும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மின்சாரம் திரும்பி, சற்று நேரம் நிலையாக இருந்த பிறகு மாட்டுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் இது மதியம் 12 மணிக்கு ஓட ஆரம்பித்து, மாலை 5 மணிக்கு நிற்கிறது, அலமாரிக் கதவு திறந்தபடி. அம்மாவின் புடவையை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மாதம் ஒரு முறை மடிப்பை மாற்றி வைக்கிறேன்.