வானம் தோண்டும் முன்னால் வேலி போடுங்கள்

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு வேலை. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போதே தண்ணீர்த் தொட்டிக்கும் ஆறடி ஆழத்தில் குழி எடுத்துவிட்டோம். மனையைச் சுற்றி நாலு சவுக்குக் கம்பு நட்டு ரிப்பன் டேப் கட்டியிருந்தது, அதுவே போதும் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் எதிர்வீட்டு ஆச்சி வந்து, “எய்யா, நேத்து சாயந்திரம் எம் பேரன் பந்து எடுக்கப் போயி அந்தக் குழிக்குள்ள இறங்கிட்டான், ஏறத் தெரியாம உள்ளயே நின்னு அழுதுக்கிட்டு இருந்தான், நாங்க போயித்தான் தூக்குனோம்” என்றார்கள். அன்றைக்குக் குழியில் தண்ணீர் இல்லை. ஐப்பசி மாதமாக இருந்து ஒரு மழை பெய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

வேலி என்றதும் நமக்கெல்லாம் கம்பித் திருட்டுதான் முதலில் ஞாபகம் வரும். கம்பியும், கான்கிரீட் வார்க்க வைக்கிற சென்ட்ரிங் தகடும் போனால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். தெருவில் போகிற பிள்ளை உள்ளே வராமல் தடுப்பதைத்தான் முதல் வேலையாக வைத்து வேலியைப் போடவேண்டும், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

அதனால் ஜே.சி.பி. வருவதற்கு முந்தின நாளே வேலி நின்றாக வேண்டும். தோண்டின பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மண்மேடு எல்லை வரைக்கும் வந்து கிடக்கும், கம்பு நட இடமே இருக்காது, கடைசியில் ரிப்பன் டேப்தான் மிஞ்சும். பச்சை நெட்டும் அப்படித்தான். தூசிக்கு நல்லது, மறைப்புக்கு நல்லது, ஆனால் ஒரு மாடு உரசினால் கிழிந்துவிடும், அதை வேலிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மனை முழுக்க வேலி இருந்தாலும் குழிக்குத் தனியாக ஒன்று வேண்டும். உள்ளே தலையில் சாந்துச் சட்டியோடு நடக்கிற சித்தாளுக்கும் காலடியில் இருக்கிற குழி தெரியாது. விளிம்பிலிருந்து மூன்றடி தள்ளிக் கம்பு நட்டு, மூன்றரை அடி உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பு, அதில் பாதி உயரத்தில் இன்னொன்று, தரையோடு ஒட்டி ஒரு பலகை. அந்தப் பலகை எதற்கென்றால், காலில் தட்டுப்பட்ட கல்லும் கடப்பாரையும் உருண்டு, கீழே வேலை செய்கிறவர் தலையில் விழாமல் இருக்க. அள்ளின மண்ணையும் விளிம்பில் குவிக்காதீர்கள், அதன் பாரத்திலேயே குழியின் பக்கச்சுவர் சரியும். சாயந்திரம் தொட்டிக் குழியை மூடுவதென்றால் கனமான பலகைகளை நெருக்கிப் போட்டு நகராமல் கட்டுங்கள். மெல்லிய பிளைவுட்டைப் போட்டு மூடுவது திறந்து கிடப்பதைவிட மோசம், தரை என்று நம்பிக் கால் வைப்பார்கள்.

ஆழ்துளைக் கிணறு, அதாவது போர் போடுகிற இடத்துக்கு இன்னும் கவனம் வேண்டும். போர் போடும்போது சுற்றிலும் முள்கம்பி வேலியோ வேறு தடுப்போ இருக்கவேண்டும், குழாயைச் சுற்றி சிமெண்ட் மேடை கட்டவேண்டும், குழாயின் வாயை இரும்புத் தகடு வைத்து வெல்டிங் அடித்தோ, மூடி போட்டு போல்ட் முடுக்கியோ அடைக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. அதற்கு அப்புறமும் 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில், கைவிட்ட போருக்குள் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை உயிரோடு எடுக்க முடியவில்லை. சாக்கை வைத்து அடைப்பது, கல்லைத் தூக்கி வைப்பது எல்லாம் வேண்டாம். ஒரு வெல்டரைக் கூப்பிட்டால் அரை மணி நேர வேலை.

சரி, வெளிவேலிக்கு வருவோம். நம்ம பக்கத்தில் வேலிக்குப் பெரிய எதிரி காற்றுதான். தென்காசி, ஆலங்குளம், பணகுடி, ராதாபுரம் என்று காற்றாலை நிற்கிற திசையெல்லாம் ஆனி, ஆடியில் தகரம் பறக்கும். ஒரு கணக்குச் சொல்கிறேன். எட்டடி அகலம், ஆறடி உயரத்துக்குத் தகரம் அடித்தால், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகக் காற்று அதைச் சுமார் 50 கிலோ பாரத்தோடு தள்ளும், அதாவது ஒரு சிமெண்ட் மூட்டை பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிற மாதிரி. வேகம் இரண்டு மடங்கானால் பாரம் நாலு மடங்கு, நாலு மூட்டை. ஒவ்வொரு கம்பும் இதைத் தாங்கவேண்டும். ஒரு அடி குழி எடுத்துக் கம்பைச் செருகி மண்ணை மிதித்துவிட்டுப் போனால் முதல் ஆடிக் காற்றுக்கே வேலி ரோட்டில் கிடக்கும், அந்த நேரத்தில் பைக்கில் யாராவது வந்தால் கழுத்துக்கு ஆபத்து.

ஆறடித் தகரத்துக்கு ஒன்பதடிக் கம்பு எடுங்கள். இரண்டரை முதல் மூன்றடி மண்ணுக்குள் போகட்டும், கம்புக்குக் கம்பு ஆறிலிருந்து எட்டடி. கயத்தாறு, கோவில்பட்டி பக்கத்துக் கரிசல் என்றால், காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் உப்பும், கம்பு தானாக ஆட ஆரம்பிக்கும். குழியைக் கொஞ்சம் அகலமாக எடுத்து ஜல்லிக் கலவை போட்டு இறுக்குங்கள். திசையன்விளை பக்கத்துத் தேரி மணலிலும் அப்படியே, இன்னும் அரையடி ஆழம் கூட்டி. அரையடியிலேயே பாறை தட்டுகிற மனையில் குழி எடுக்க வழியில்லை. அங்கே 20 லிட்டர் பெயின்ட் வாளியில் கம்பை நிறுத்தி கான்கிரீட் நிரப்புவார்கள், ஒரு வாளி 45 கிலோவுக்கு மேல் வரும். ஆனால் வாளி மட்டும் தகரத்தைத் தாங்காது, அப்படியே குடை சாயும். கம்பின் மேல்பகுதியிலிருந்து உள்பக்கமாக ஐந்தடி தள்ளி ஒரு சாய்வு முட்டு கொடுத்து, முட்டின் அடியிலும் இன்னொரு வாளி வைத்துக் கட்டினால்தான் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிற சாதாரணக் காற்றுக்காவது நிற்கும்.

குறுக்குக் கம்பு மூன்று வரிசை, அதுவும் உள்பக்கம். வெளிப்பக்கம் இருந்தால் ஏணி வைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். தகரத்தைக் கட்டுக்கம்பியால் மட்டும் கட்டினால் காற்றில் அடித்து அடித்து ஓட்டை பெரிதாகிக் கிழியும், வாஷரோடு ஸ்க்ரூ அடிப்பதுதான் நிலைக்கும். வெட்டின ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், பிள்ளைகள் கையைத் தேய்த்துக்கொண்டே நடக்கிற உயரம் அது, அதனால் தெருப்பக்கத்து ஓரங்களை மடித்துவிடுங்கள். முள்கம்பி வைப்பதாக இருந்தால் தலைக்கு மேலே, உள்பக்கம் சாய்த்து.

எல்லாப் பக்கமும் தகரம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தெருப்பக்கம் தகரம் சரி. பக்கத்து வீட்டுப் பக்கம் வலைக்கம்பி போட்டால், ராத்திரி யாராவது உள்ளே நடமாடினால் அந்த வீட்டுக்காரர்கள் கண்ணில் படும். உயரத் தகரம் அடித்த மனையில் திருடன் நிம்மதியாக வேலை பார்ப்பான். தெரு முக்கில் இருக்கிற மனை என்றால் அந்த முக்கிலும் வலைதான், இல்லையென்றால் எதிரே வருகிற வண்டி தெரியாது. மண், செங்கல் எதையும் வேலியை ஒட்டிக் குவிக்காதீர்கள், பாரம் வேலியைத் தள்ளும், ஏறிக் குதிக்கப் படியாகவும் ஆகும். கம்பியும் மோட்டாரும் மனையின் நடுவில், பூட்டின அறைக்குள்.

கேட் பன்னிரண்டு அடியாவது வேண்டும், அப்போதுதான் டிப்பர் இடிக்காமல் நுழையும். உள்பக்கம் திறக்கட்டும். டிப்பர் பின்னால் வரும்போது ஒரு ஆள் தெருவில் நின்று பார்க்கவேண்டும். கேட்டில் ஒரு போர்டு, தமிழிலும் இந்தியிலும், ஏனென்றால் இன்றைக்குப் பாதி ஆட்கள் வடக்கே இருந்து வருகிறவர்கள். அதில் ராத்திரியும் எடுக்கிற ஒரு போன் நம்பர். ரோட்டை ஒட்டின பக்கம் ஒளிரும் ஸ்டிக்கரும் சிவப்பு விளக்கும். வேலி ரோட்டுக்குள் ஓரடி வந்தாலும் மாநகராட்சியிலோ பஞ்சாயத்திலோ அனுமதி வாங்கிவிடுங்கள்.

தற்காலிக கரண்ட் ஒயரைத் தகரத்தில் சுற்றிக் கொண்டுபோகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். உறை உரிந்த ஒரு இடம் போதும், வேலி முழுக்க ஷாக் அடிக்கும், மழை நேரத்தில் ஆடு மாடு மனிதர் எல்லாருக்கும் ஆபத்து. ஒயரைத் தனிக் கம்பில் உயரமாகக் கொண்டுபோங்கள், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வையுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 மழையை நம்ம ஊரில் யாரும் மறக்கமாட்டார்கள். மனை பள்ளத்தில் இருந்தால், தண்ணீர் வருகிற பக்கமும் போகிற பக்கமும் தகரத்தைத் தரையோடு புதைக்காதீர்கள், அது அணை மாதிரி நிறுத்தி, கடைசியில் மொத்தமாகச் சாயும். அந்த இரண்டு பக்கமும் வலைதான் சரி, நீர் தன் வழியில் போய்விடும்.

தினம் சாயந்திரம் ஆட்கள் போன பிறகு ஒரு சுற்று நடந்து வாருங்கள். ஒவ்வொரு கம்பையும் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள், குறுக்கு வழிக்காக யாராவது தகரத்தை விலக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள், மழைக்கும் காற்றுக்கும் மறுநாள் காலையில் இன்னொரு சுற்று. கோயில் கொடைத் திருவிழா வந்தால் தெருவில் கூட்டம் வேலியில் சாய்ந்து நிற்கும், அந்த வாரம் முட்டுகளைக் கூட்டிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் வேலியை அவசரமாகப் பிரிக்காதீர்கள். தொட்டிக்கு மூடி, காம்பவுண்டுச் சுவர், கேட் மூன்றும் முடியட்டும். பிடுங்கின கம்புக் குழி ஒவ்வொன்றையும் மண் போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து மூடுங்கள், கட்டுக்கம்பித் துண்டும் ஸ்க்ரூவும் தெருவில் கிடந்தால் பொறுக்கிவிடுங்கள். அந்தத் தகரமும் கம்பும் அடுத்த மூன்று நாலு மனைக்கு வரும்.