சிக்னல் அறுந்தாலும் எடை இருமுறை பதிவாகாத இணையத் திரை: செய்முறை விளக்கம்

கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஊர்களில், சிறு விவசாயிகளின் பசுந்தேயிலையை எடைபோடும் இடங்கள் பலவற்றில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கிறது. அங்கே போனில் இயங்கும் எடைப் பதிவுத் திரையை, கிளவுடில் உள்ள உறுப்பினர், எடை, பட்டுவாடா என்னும் மூன்று சேவைகளோடு நான் இணைத்த முறையை விளக்குகிறேன். ஜாவாஸ்கிரிப்ட் அடிப்படை உங்களுக்குத் தெரியும் என்று கொள்கிறேன்.

முதல் படி: திரை மூன்று சேவைகளையும் நேரடியாக அழைக்க வேண்டாம். முன்னால் ஓர் ஏபிஐ கேட்வே (எல்லாக் கோரிக்கைகளையும் வாங்கி உரிய சேவைக்கு அனுப்பும் வாயில்) வைத்து, கார்ஸ் அனுமதிகளை, அதாவது எந்த இணைய முகவரியில் உள்ள பக்கங்கள் சேவையை அழைக்கலாம் என்ற விதிகளை, அங்கே மட்டும் எழுதுங்கள்.

இரண்டாம் படி: ‘சேமி’ பொத்தானை அழுத்தியவுடன் எடை முதலில் போனிலுள்ள இண்டெக்ஸ்டு டிபியில் (பிரவுசருக்குள்ளேயே இருக்கும் தரவுத்தளம்) எழுதப்பட வேண்டும். சேவையின் பதில் வரும்வரை அந்த வரி ‘அனுப்பப்படவில்லை’ என்றே நிற்கட்டும். எதிரே நிற்கும் விவசாயிக்குத் திரை உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டும். இதற்கு, இண்டெக்ஸ்டு டிபியை எளிதாகக் கையாள உதவும் டெக்ஸி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தையே பரிந்துரைக்கிறேன். ஒரே ஒரு திரைக்கு, திரைகளை உருவாக்கும் ரியாக்ட் நூலகம் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாம் படியில்தான் நான் நெடுநேரம் நின்றேன். கோரிக்கை போய்ச் சேர்ந்து, சேவை எடையைப் பதிந்தும் விட்டு, பதில் திரும்பும் வழியில் சிக்னல் அறுந்தால், திரைக்கு அது தோல்வியாகவே தெரியும்; மீண்டும் அனுப்பினால் 42 கிலோ 84 கிலோ ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தனி அடையாள எண்ணை, அனுப்பும்போது அல்லாமல், சேமிக்கும்போதே உருவாக்கி, எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண்ணையே அனுப்புங்கள். சேவைப் பக்கத்தில் ‘இந்த எண் ஏற்கெனவே உள்ளதா’ என்று தேடிப் பார்த்துவிட்டுச் சேர்ப்பது போதாது. ஒரே நேரத்தில் வரும் இரண்டு கோரிக்கைகளுக்கும் ‘இல்லை’ என்ற விடையே கிடைக்கக்கூடும். தரவுத்தளத்திலேயே அந்த எண்ணுக்கு யுனிக் கட்டுப்பாடு (ஒரே எண் இரண்டாம் முறை பதிவாவதைத் தடுக்கும் விதி) விதித்து, மறுபடி வரும் கோரிக்கைக்குப் பிழைச் செய்தி தராமல் முதலில் தந்த பதிலையே திருப்பித் தர வேண்டும்.

எண்ணை உருவாக்கும் கிரிப்டோ ரேண்டம் யுயுஐடி என்ற பிரவுசர் வசதி, எச்டிடிபிஎஸ் முகவரியிலும் லோக்கல்ஹோஸ்டிலும் (அதே கருவியிலேயே இயங்கும் முகவரி) மட்டுமே கிடைக்கும். லேப்டாப்பின் ஐபி முகவரியைப் போனில் திறந்து சோதிப்பவர்கள் இதை நினைவில் கொள்ளுங்கள்.

நான்காம் படி: சேவைப் பக்கத்தில் பிழை என்று பொருள்படும் 500 என்ற பதில் வந்தாலும், கோரிக்கையை அனுப்பும் ஃபெட்ச் கட்டளை அதைத் தோல்வியாக எறியாது, பதிலின் ஓகே மதிப்பை நீங்களே பார்க்க வேண்டும். 500 வரிசைப் பதில்களுக்கு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மறுமுயற்சி செய்யுங்கள். அனுப்பியதில் பிழை என்று பொருள்படும் 400 வந்தால் நிறுத்திவிட்டு, எதைத் திருத்த வேண்டும் என்று பதிவாளருக்குக் காட்டுங்கள்.

பின்சேர்க்கை: ஐபோனில் பதிவுகள் தாமாகப் போவதில்லை என்று இதைப் பின்பற்றிய ஒருவர் எழுதியிருந்தார். இணைப்பு திரும்பியதும் பின்னணியில் தானாக அனுப்பும் பேக்கிரவுண்ட் சிங்க் வசதி, ஐபோனின் பிரவுசரான சஃபாரியில் இல்லை. எனவே திரை திறக்கும்போதும் இணைப்பு திரும்பும்போதும் தேங்கிய பதிவுகளை அனுப்பும்படி எழுதி, திரையைப் போனின் முகப்பிலும் சேர்த்துவிடுங்கள்.