பைக்குக்குப் பின்னால் இன்னும் இரண்டு சிவப்பு விளக்கு

வேலை முடிந்து பாளையங்கோட்டையிலிருந்து சேரன்மகாதேவி வழியாக அம்பாசமுத்திரம் திரும்பும்போது இருட்டிவிடும். வயலோரச் சாலையில் பின்னால் வரும் லாரிக்கு என் பைக்கின் ஒற்றை விளக்கு தெரியுமா என்ற பயம் ரொம்ப நாளாக இருந்தது. அதனால் 12 வோல்ட் சிவப்பு எல்இடி பட்டை இரண்டு வாங்கி, நம்பர் பிளேட்டின் இருபக்கமும் மாட்டினேன்.

ஒவ்வொன்றிலும் மூன்று வயர். ஒன்று எர்த் (மின்சாரம் வண்டியின் உலோக உடம்பு வழியாக பேட்டரிக்குத் திரும்பும் வழி), ஒன்று எப்போதும் எரிய, மற்றது பிரேக்குக்கு. நிறத்தை நம்பாதீர்கள், வண்டிக்கு வண்டி மாறும். டெஸ்ட் லேம்ப் (வயரில் மின்சாரம் வந்தால் எரியும் சோதனை விளக்கு) வைத்துப் பார்த்தே இணைத்தேன்.

அப்புறம்தான் சிக்கல். பிரேக் பிடித்தால் விளக்கு மங்கலாகவே எரிந்தது. இண்டிகேட்டர் போட்டால் அதுவும் சேர்ந்து துடித்தது. அரை நாள் பிரேக் ஸ்விட்சைக் கழற்றி மாட்டினேன். கடைசியில் பார்த்தால் எர்த். இண்டிகேட்டரின் எர்த் இருந்த அதே மட்கார்டு போல்ட்டில்தான் இதையும் மாட்டியிருந்தேன். அடியில் பெயிண்ட்டும் துருவும் இருந்ததால் மின்சாரம் சரியாகத் திரும்பவில்லை. பைக்கின் இரும்புச் சட்டத்தில் (ஃபிரேமில்) வேறு இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, வளைய முனை வைத்து இறுக்கினேன். சரியாகிவிட்டது.

இணைப்புகளைப் பற்றவைத்து, மழைத்தண்ணீர் இறங்காமல் மூடினேன். தனியாக 2 ஆம்பியர் பியூஸும் போட்டேன். இரவில் மச்சான் காரில் பின்னால் வந்து பார்த்தார். பிரேக் பிடிப்பது தூரத்திலேயே தெரிகிறது என்றார்.